மேஜையில் மிஞ்சிய உதிரி எங்கே போகும்? டிரையம்ஃப் 650 பார்ட்ஸ் புக் மறுபதிப்பும் மரை கேஜும்: மதிப்புரை

பழைய டிரையம்ஃப் மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிரித்துப் பூட்டி முடித்த பிறகு மேஜையில் எதுவுமே மிஞ்சாமல் இருப்பது அபூர்வம். ஒரு தட்டை வாஷர், குட்டி உருளை, மெல்லிய ஸ்ப்ரிங், எங்கும் சேராத ஒரு ஸ்டட் (தலையில்லாமல் இரு முனையிலும் மரை உள்ள கம்பி). "அது இல்லாமலும் வண்டி ஓடும்" என்று டப்பாவில் போட்டு மூடிவிடுபவர்கள் உண்டு. ஓடும்தான். எவ்வளவு தூரம் என்பதில்தான் சங்கடம்.

அந்த உதிரிக்கு உரிய இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் மூன்று பொருட்களை இங்கே எடைபோட்டிருக்கிறோம்: தொழிற்சாலை பார்ட்ஸ் புக்கின் மறுபதிப்பு, பிரிட்டிஷ் மரைகளின் நெருக்கத்தை அளக்கும் பிட்ச் கேஜ், தடிமனையும் நீளத்தையும் அளக்கும் டிஜிட்டல் வெர்னியர். எடுத்துக்கொண்ட வண்டி, இங்கிலாந்தின் மெரிடன் தொழிற்சாலையில் 1963 மாடல் முதல் 1970 மாடல் வரை செய்த 650 சிசி இரட்டைச் சிலிண்டர் டிரையம்ஃப். என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே வார்ப்புக்குள் வந்த தலைமுறை. டி120 பானவில், டிஆர்6 எல்லாம் இதில் அடங்கும். 1971-இல் ஃபிரேமுக்குள்ளேயே எண்ணெயை வைத்த வண்டிகளுக்கும் இதே முறைதான், புத்தகம் மட்டும் வேறு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். புத்தகத்தை முதலில் வாங்குங்கள். அடுத்தது கேஜ். வெர்னியர் வீட்டில் கிடக்கிற சாதாரணமானதே போதும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: விலையுயர்ந்த அளவுக் கருவி வாங்கி எல்லாவற்றையும் அளந்து எழுதிவிட்டு, அந்த அளவை எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

அளப்பதற்கு முன்

மிஞ்சியது புதியதா, பழையதா என்று முதலில் பாருங்கள். கேஸ்கட் செட் தயாரிப்பவர்கள் பல ஆண்டு மாடல்களுக்கான தாள்களையும் ஓ-ரிங்குகளையும் ஒரே கவரில் போட்டு விற்பது வழக்கம். அதனால் எண்ணெய் படாத புது கேஸ்கட்டோ செம்பு வாஷரோ மிஞ்சினால் பதற வேண்டியதில்லை. அந்த இடத்துக்கு உரியது உள்ளே போயிருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்தால் போதும். தேய்மானமும் கறையும் உள்ள பழைய உதிரி மிஞ்சினால்தான் வேலை.

அதைக் கழுவிவிடாதீர்கள். எல்லோரும் செய்யும் முதல் தவறு மண்ணெண்ணெயில் ஊறப்போடுவதுதான். கறையே பாதி விடை சொல்லும். கருகிய கரி இருந்தால் ஹெட் அல்லது எக்ஸாஸ்ட் பக்கம். பழுப்பு வார்னிஷ் படிந்திருந்தால் என்ஜினுக்குள்ளோ கியர்பாக்ஸிலோ எண்ணெயில் நனைந்தபடி இருந்தது. உலர்ந்த சாம்பல் நிறத் தூள் ஒட்டியிருந்தால் பிரேக் டிரம். ஒரு முகத்தில் மட்டும் பளபளப்பான வளையம் தெரிந்தால் அந்த முகத்தின் மேல் எதுவோ சுழன்றிருக்கிறது. அந்த வளையத்தின் வெளிவிட்டத்தை அளந்தால், உரசிய தண்டின் தோள்பட்டை அளவு கிடைத்துவிடும். இரண்டு முகத்திலும் மங்கலான அழுத்தத் தடம் மட்டும் இருந்தால் அது நட்டுக்கு அடியில் அசையாமல் இருந்த வாஷர். பிறகு காந்தம். காந்தம் பிடிக்காத தட்டை வாஷர் வெண்கலமாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த வண்டியில் வெண்கல வாஷர் என்றால் முதல் சந்தேகம் கியர்பாக்ஸின் துணைத் தண்டான லேஷாஃப்ட்டின் பக்கவாட்டு உந்துதலைத் தாங்கும் திரஸ்ட் வாஷர் மேல்தான் போக வேண்டும்.

பார்ட்ஸ் புக் மறுபதிப்பு

ஒரு பக்கம் படம், எதிர்ப்பக்கம் பட்டியல். படத்தில் ஒவ்வொரு தொகுதியும் பிரிந்து, ஆனால் பூட்டும் வரிசையிலேயே ஒரே கோட்டில் வரையப்பட்டிருக்கும். பட்டியலில் பார்ட் நம்பர், பெயர், வண்டிக்கு எத்தனை என்ற மூன்று செய்திகள். பலரும் பார்க்காமல் தாண்டிப் போகும் அந்த எண்ணிக்கைப் பத்திதான் மிச்ச உதிரி வேலைக்கு உயிர்நாடி. என்ஜின் பூட்டும்போதே ஒவ்வொரு வரிக்கும் பென்சிலில் டிக் போட்டுக்கொண்டு போனால், கடைசியில் டிக் விழாத வரியும் மேஜையில் கிடக்கும் உதிரியும் தாமாகவே ஜோடி சேரும். டிக் போடாமல் பூட்டி முடித்தவர்களுக்கும் வழி உண்டு: உதிரியின் வடிவத்தை வைத்துப் படங்களைப் புரட்டி, ஒத்துப்போகும் இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கையைப் பார்த்து, திறக்க எளிதான இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நம்பர்களுக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. பழைய முறையில் எண்ணுக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து: என்ஜினுக்கு ஈ, கியர்பாக்ஸுக்கும் கிளட்சுக்கும் டி, ஃபிரேமுக்கு எஃப், ஃபோர்க்குக்கு எச், சக்கரத்துக்கு டபிள்யூ. பிற்பாடு எழுத்து போய் இரட்டை இலக்கம் வந்தது. ஈ என்பது 70 ஆயிற்று, டி என்பது 57, எஃப் 82, எச் 97, டபிள்யூ 37. புத்தகத்தில் ஈ1591 என்று பார்த்தால் இன்றைய கடைக்காரரிடம் 70-1591 என்று கேட்க வேண்டும். மறுபதிப்புகள் பழைய எண்களையே வைத்திருக்கின்றன, விற்பவர்கள் புது எண்களை வைத்திருக்கிறார்கள். இந்த ஐந்து மாற்றங்களை அட்டையின் உள்பக்கம் எழுதி வைத்துக்கொண்டால் தேடல் சுலபம். சாமானின் மேலேயே 70 என்று தொடங்கும் எண் அடித்திருந்தால் குறைந்தபட்சம் அது ஃபோர்க்கினுடையது அல்ல என்பது தெரிந்துவிடும். 68 என்று தொடங்கினால் பெரும்பாலும் டிரையம்ஃப் பக்கத்தைப் புரட்டுவதை நிறுத்தலாம்: அது பிஎஸ்ஏ கம்பெனியின் ஏ65 மோட்டார் சைக்கிள் வழியில் வந்த எண். பிஎஸ்ஏ கம்பெனி 1951-இல் டிரையம்ஃபை வாங்கியது. குழுமத்தின் கடைசிக் காலத்தில் இரு பெயர் வண்டிகளுக்கும் பொதுவான சாமான்கள் பெருகின. ஒரே டப்பாவில் இரண்டும் கலந்து கிடப்பது சகஜம்.

ஒரு கண்ணி: வார்ப்பில் புடைத்து நிற்கும் எண் வேறு, பார்ட் நம்பர் வேறு. வார்ப்புப் பட்டறையின் எண்ணைப் பார்ட் நம்பர் என்று நினைத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, அல்லது சம்பந்தமே இல்லாத வேறொன்று கிடைக்கும். ஒரே வார்ப்பைக் கடைந்து, துளையிட்டு, இரண்டு மூன்று வேறு சாமான்களாக ஆக்குவார்கள். புடைத்த எழுத்தை ஒதுக்குங்கள். அடித்துப் பதித்த எழுத்தை நம்புங்கள். லூகாஸ் மின்சாமான்களில் மாதமும் ஆண்டும் இப்படிப் பதிந்திருக்கும். "4 66" என்றால் 1966 ஏப்ரல். அமால் கார்புரேட்டரில் 376 அல்லது 389 என்று தொடங்கினால் மோனோபிளாக் வகை, 930 என்றால் கான்சென்ட்ரிக் வகை. சந்தேகமான ஜெட்டோ மிதவை ஊசியோ மிஞ்சினால், உடலில் இருக்கும் இந்த எண்ணைப் பார்த்த பிறகே புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

எந்த ஆண்டுப் புத்தகம் என்பதில்தான் அதிகப் பணம் வீணாகிறது. மெரிடன் ஆண்டுக்காண்டு சிறு மாற்றங்கள் செய்துகொண்டே இருந்தது. உள்நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் தனித்தனிப் பதிப்புகளும் உண்டு. என்ஜின் நம்பரைப் படிக்கத் தெரியாமல் புத்தகம் வாங்காதீர்கள். 1969 மாடலின் போக்கில் வந்த இரட்டை எழுத்து முறையில் முதல் எழுத்து மாதம், இரண்டாவது எழுத்து மாடல் ஆண்டு. இரண்டாவது எழுத்து சி என்றால் 1969, அடுத்த எழுத்தான டி என்றால் 1970, ஈ என்றால் 1971. இங்கே வழுக்கும் இடம் ஒன்று: மாடல் ஆண்டு ஆகஸ்ட் வாக்கில் தொடங்கும். மாத எழுத்தான என் அக்டோபரைக் குறிக்கும், எனவே "என்.டி" என்று அடித்திருந்தால் அந்த என்ஜின் 1969 அக்டோபரில் செய்த 1970 மாடல். பதிவுச் சான்றில் 1969 என்று இருப்பதைப் பார்த்து 1969 புத்தகம் வாங்கினால், மிஞ்சவே மிஞ்சாத உதிரியைத் தேடி அலைய நேரிடும்.

அதற்கு நல்ல எடுத்துக்காட்டு பிரீதர் தட்டு. 1969 மாடல் வரை இன்லெட் கேம்ஷாஃப்ட்டின் இடது முனையில் துளையிட்ட சிறு தட்டும், அதை அழுத்த ஒரு மெல்லிய ஸ்ப்ரிங்கும் இருந்தன. கேமோடு சேர்ந்து சுழன்று, கிராங்க் கேஸின் காற்றை நேரம் பார்த்து வெளியே விடும் சுழல் வால்வு அது. 1970 மாடலில் இதை எடுத்துவிட்டார்கள். இடது மெயின் பேரிங்குக்குப் பக்கத்தில் மூன்று சிறு துளைகள் இட்டு, பிரைமரி செயின் கேஸ் வழியாகவே என்ஜினை மூச்சுவிட வைத்தார்கள். ஆகவே 1968 என்ஜின் பூட்டியவர் மேஜையில் அந்தத் தட்டு மிஞ்சினால் கிராங்க் கேஸை மறுபடி பிளந்தே ஆக வேண்டும். 1970 என்ஜின்காரர் மேஜையில் அதே தட்டு கிடந்தால் அது வேறு வண்டியுடையது. எறிந்துவிடாமல் எடுத்து வையுங்கள், யாராவது தேடிக்கொண்டிருப்பார்கள். ஒரே உதிரி, இரண்டு எதிரெதிர் முடிவுகள். சரியான ஆண்டுப் புத்தகம் கையில் இல்லாவிட்டால் எந்த அளவுக் கருவியும் இதைச் சொல்லாது.

தீப்பொறி நேரத்தைத் தீர்மானிக்கும் பாயின்ட் தட்டும் இப்படித்தான். 1967 வரை லூகாஸ் 4சிஏ, கன்டென்சர்கள் தட்டின் மேலேயே இருக்கும். 1968 முதல் 6சிஏ, கன்டென்சர்கள் தட்டைவிட்டு வெளியே போய்விட்டன. மிஞ்சிய கன்டென்சரைக் கையில் வைத்துக்கொண்டு 6சிஏ தட்டில் இடம் தேடுவது வீண்வேலை.

அச்சுத் தரம் பற்றி. சந்தையில் இருப்பவை பெரும்பாலும் ஸ்கேன் செய்து அடித்தவை. கோட்டோவியங்கள் தெளிவாகவே வருகின்றன. நிழல் தட்டிய படங்கள்தான் கறுப்புத் திட்டாகிவிடுகின்றன. மலிவுப் பதிப்புகளில் மூலத்தைச் சுருக்கி அடிப்பதால் படத்துக்குள் இருக்கும் சுட்டெண் 6-ஆ 8-ஆ என்று தெரிவதில்லை. முதுகில் பசை ஒட்டிய பதிப்பு மேஜையில் விரித்தபடி நிற்காது. நடுமடிப்பில் சுட்டெண்கள் மறைந்தும் போகும். சுருள்கம்பிக் கட்டு உள்ளதையே வாங்குங்கள். வாங்குமுன் கியர்பாக்ஸ் படத்தின் மாதிரிப் பக்கத்தைக் கேட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அதிக நெரிசலான படம் அதுதான். அந்தப் பக்கத்தில் எண்கள் படிக்க முடிந்தால் மற்றவை தானாகவே தேறும்.

புத்தகத்தின் பெரிய குறை, அளவுகள் இல்லாதது. "போல்ட்", "வாஷர்", "டிஸ்டன்ஸ் பீஸ்" (இடைவெளி காக்கும் துண்டு) என்று பெயர் இருக்கும். எத்தனை இன்ச், எந்த மரை என்பது பெரும்பாலும் இருக்காது. எந்தப் பக்கம் பார்த்துப் போட வேண்டும் என்பதும் இருக்காது. அதற்கு ஒர்க்ஷாப் மேனுவல் தனியாக வேண்டும். அளவுக் குறையை ஈடுகட்டத்தான் அடுத்த பொருள்.

மரை கேஜ்

இந்தியக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பிட்ச் கேஜில் மெட்ரிக் தகடுகள் மட்டும் இருக்கும். இந்த வேலைக்கு அது உதவாது. மரைப் பள்ளத்தின் கோணம் 55 பாகையாக உள்ள விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் மரை) தகடுகளும் 60 பாகைத் தகடுகளும் சேர்ந்திருக்க வேண்டும், அவற்றில் இன்ச்சுக்கு 26 மரை என்பதைக் குறிக்கும் 26 பொறித்த தகடு கட்டாயம் இருக்க வேண்டும். செட்டில் 18, 20, 22, 24, 26, 28 ஆகிய ஆறும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் 650 டிரையம்ஃபின் பெரும்பாலான போல்ட்டுகள் அதற்குள் அடங்கிவிடும். 26 இல்லாத செட்டை எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள்.

ஏன் 26? இரண்டரை நூல் போல்ட்டை, அதாவது 5/16 இன்ச்சை எடுத்துக்கொள்வோம். இந்த வண்டியில் அதிகம் புழங்கும் அளவு அதுதான். ஒரே 7.94 மி.மீ. தடிமனில் நான்கு வகை மரைகள் வரலாம். விட்வொர்த் என்றால் இன்ச்சுக்கு 18, பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் நுண் மரை) என்றால் 22, யு.என்.எஃப். (பிற்காலப் பொது நுண் மரை) என்றால் 24, சைக்கிள் மரை எனப்படும் சி.இ.ஐ. என்றால் 26. பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள் சைக்கிள் பட்டறைகளிலிருந்து வளர்ந்தவை; அந்த 26 மரை அங்கிருந்து வந்த சொத்து. மெரிடன் 1960-களின் கடைசியில் படிப்படியாக யு.என்.எஃப்.-க்கு மாறியது. படிப்படியாக என்பதைக் கவனியுங்கள்: ஒரே என்ஜினில் ஒரு போல்ட் பழைய மரை, பக்கத்து போல்ட் புது மரை என்று இருக்கும்.

24-க்கும் 26-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 24 மரை நட்டு 26 மரை போல்ட்டில் இரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். "துரு போலிருக்கிறது" என்று ஸ்பேனர் போட்டு அழுத்தினால் மரை உரிந்துவிடும். குட்டைப் போல்ட்டில் கேஜை வைத்தாலும் நாலைந்து பற்கள் ஒத்துப்போவது போலத் தெரியும். குறைந்தது அரை இன்ச் நீளத்துக்கு வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி பார்க்க வேண்டும். அரை இன்ச்சில் ஒன்றில் 12 பற்கள், மற்றதில் 13. தவறான தகடு ஒரு முனையில் கட்டாயம் தூக்கிக் காட்டும்.

இரண்டு நூல் போல்ட்டில், அதாவது 1/4 இன்ச்சில், வேறு தொல்லை. பி.எஸ்.எஃப்.-உம் 26, சைக்கிளும் 26. பிட்ச் ஒன்றே, பள்ளத்தின் கோணம்தான் 55-உம் 60-உம். இங்கே கோணம் பார்த்துப் பிரிக்கத் தகடு கூர்மையாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். மலிவு செட்களில் அடித்துச் செய்த தகடுகளின் முனை மழுங்கியிருப்பதால் இரண்டு தகடும் பொருந்துவது போலவே காட்டும். கேஜுக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பதற்கு இந்த ஓர் இடம் போதும். ஸ்டட் மிஞ்சியிருந்தால் இரு முனைகளையும் தனித்தனியாக அளக்க வேண்டும்: அலுமினியத்துக்குள் போகும் முனையில் கரடு மரை, நட்டு ஏறும் முனையில் நுண் மரை என்பது பொது வழக்கம். எந்த முனை கேஸுக்குள் போக வேண்டும் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

மின்சாமான் திருகுகளுக்கு பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரை. அதன் கோணம் 47.5 பாகை, அளவுகள் மெட்ரிக் அடிப்படையில் அமைந்தவை. 2 பி.ஏ. திருகின் தடிமன் 4.7 மி.மீ., பிட்ச் 0.81. மெட்ரிக் எம்5 திருகின் பிட்ச் 0.8. கேஜுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தடிமன்தான் காட்டிக்கொடுக்கும். 0 பி.ஏ. இன்னும் மோசம்: 6 மி.மீ. தடிமன், 1 மி.மீ. பிட்ச், அப்படியே எம்6 மாதிரி; கோணம் மட்டுமே வேறு. முந்தைய மெக்கானிக் மெட்ரிக் திருகைத் திணித்திருந்தால் அசல் பி.ஏ. திருகுதான் மேஜையில் மிஞ்சிக் கிடக்கும். இப்படிப்பட்ட மிச்சங்கள் நிறைய. பி.ஏ. தகடுகள் உள்ள கேஜ் தனியாகத்தான் வாங்க வேண்டும், 4 பி.ஏ., 2 பி.ஏ. நட்டு ஒவ்வொன்று வைத்திருந்து ஏற்றிப் பார்ப்பது அதைவிடச் செலவு குறைவு.

வெர்னியர்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இன்ச்சும் மி.மீ.-உம் மாற்றிக் காட்டும் சாதாரண டிஜிட்டல் போதும். ஆனால் மரைத் தடிமனைவிட போல்ட்டின் தலையை அளப்பது வேகமான வழி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 5/16 போல்ட்டின் அறுகோணத் தலையில் எதிரெதிர் முகங்களுக்கு இடையே 13.3 மி.மீ. வந்தால் பழைய பிரிட்டிஷ் போல்ட். 1/4 விட்வொர்த் என்று பொறித்த ஸ்பேனர் சேரும். 12.7 வந்தால் யு.என்.எஃப். சரியாக 13 வந்தால் யாரோ எம்8 போல்ட் போட்டிருக்கிறார்கள், அது இந்த வண்டியிலேயே இருக்கக் கூடாது. 11.3 வந்தால் 1/4 பி.எஸ்.எஃப். அல்லது சைக்கிள். மூலைகள் உருண்டுபோன தலையில் இந்த வேறுபாடுகள் அழிந்துவிடும். மூன்று ஜோடி முகங்களையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி மிஞ்சுபவை

மூன்று பொருட்களையும் சேர்த்துப் பயன்படுத்தினால் எப்படி வேலை நடக்கும் என்பதற்கு 650-இல் அடிக்கடி மேஜைக்கு வரும் சில சாமான்களைப் பார்க்கலாம்.

குட்டி உருளை. வெர்னியரில் விட்டம் 6.35 மி.மீ., நீளம் 5.9-க்கு அருகில் வந்தால் கிளட்ச் ஹப்புடையது. புத்தகத்தின் எண்ணிக்கைப் பத்தி 20 என்று சொல்லும். கூண்டு இல்லாமல் வட்டம் முழுக்க அடுக்கும் உருளைகள் இவை. ஒன்று குறைந்தாலும் மற்றவை நகர்ந்து இடம் விடும். நீளத்தை ஏன் அளக்கச் சொல்கிறோம் என்றால், பேரிங் கடையில் கிடைக்கும் 1/4-க்கு 1/4 உருளை விட்டத்தில் சரியாக இருக்கும், நீளத்தில் ஏறக்குறைய 0.4 மி.மீ. அதிகம். அதைப் போட்டு முடுக்கினால் செயின் வீல் இறுகிப்போய், கிளட்சைப் பிடித்தாலும் வண்டி இழுத்துக்கொண்டே நிற்கும். பெட்டியில் 6.35 நீள உருளைகள் 20 கிடந்து, வண்டிக்குள்ளும் 20 இருந்தால், யாரோ முன்பு தவறாக வாங்கி ஒதுக்கியவை என்று எடுத்துக்கொள்ளலாம்.

உருளை இதைப் போலில்லாமல் நடுவில் துளையோடு குட்டையாக இருந்தால் கியர்பாக்ஸ். செலக்டர் ஃபோர்க்கின் குச்சிமேல் ஏறி கேம் பிளேட்டின் பள்ளத்தில் ஓடும் உருளை அது. கிரீஸ் தடவி ஒட்டாமல் பூட்டினால் கவரை மூடும் நேரத்தில் விழுந்துவிடும். அது இல்லாமல் பூட்டிய பெட்டியில் குச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையே தேவையற்ற ஆட்டம் வரும். கியர் முழுதாகப் பிடிக்காமல் ஓட்டத்தில் நழுவும்.

இரண்டு சுற்றாக முறுக்கிய தட்டை ஸ்ப்ரிங் வாஷர் மிஞ்சினால் ராக்கர் பாக்ஸ். தாக்கரே வாஷர் என்பார்கள். ராக்கர் கையை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்து வால்வு முனையின் நடுவில் நிற்கச் செய்வது இதன் வேலை. இல்லாவிட்டால் ராக்கர் பக்கவாட்டில் ஆடி டக்டக் என்று சத்தம் வரும். அதை டாப்பெட் சத்தம் என்று நினைத்து இடைவெளியை மறுபடி மறுபடி சரிசெய்வார்கள். கூடவே வரும் தட்டை வாஷர்களில் துளை அளவு இருவகை உண்டு என்பதால் எல்லாவற்றையும் அளந்து, தண்டில் எந்தப் படியில் எது உட்காரும் என்று பார்த்துக் கோக்க வேண்டும். நல்ல வேளையாக ராக்கர் பாக்ஸைத் திறக்கக் கிராங்க் கேஸைத் தொட வேண்டியதில்லை.

எஃகுக் குண்டு. 5.56 மி.மீ. வந்தால், அதாவது 7/32 இன்ச், எண்ணெய் பம்ப்பின் வால்வுக் குண்டாக இருக்கலாம். ஒரு பக்கம் எண்ணெயை அனுப்பவும் மறுபக்கம் திரும்ப இழுக்கவும் இரு பிஸ்டன்கள் உள்ள பம்ப் இது. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஸ்ப்ரிங்கோடு ஒரு குண்டு. இது மிஞ்சினால் என்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. அனுப்பும் பக்கத்தில் குண்டு இல்லையென்றால் பேரிங்குக்கு எண்ணெய் போகாது, இழுக்கும் பக்கத்தில் இல்லையென்றால் கிராங்க் கேஸ் நிரம்பிவிடும். டைமிங் கவரை மட்டும் கழற்றினால் பம்ப் கைக்கு வரும், சோம்பல்பட வேண்டாம். 6.35 மி.மீ. குண்டு என்றால் ஸ்டியரிங் பேரிங்கைச் சந்தேகியுங்கள். அங்கே குண்டுகளை வரிசையாக அடுக்கினால் ஒரு குண்டளவு இடம் காலியாக இருப்பதுதான் சரி, எனவே அந்த இடைவெளியைப் பார்த்து ஒன்று குறைகிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அரைநிலா வடிவ உட்ரஃப் கீ. கிராங்க் பினியன், இரண்டு கேம் வீல்கள், ஆல்டர்நேட்டர் ரோட்டர், கிளட்ச் மையம் என்று இடங்கள் பல. இதில் எல்லாம் ஒரே அளவில்லை. தடிமனையும் நீளத்தையும் அளந்தால் பட்டியல் சுருங்கும். கேம் வீலில் விடுபட்டிருந்தால் வால்வு நேரம் நழுவி வால்வும் பிஸ்டனும் மோதும். இந்த ஒரு உதிரிக்காக டைமிங் பக்கம் முழுவதையும் மறுபடி திறப்பது நியாயமான செலவு.

சக்கரத்தின் டிஸ்டன்ஸ் பீஸ் மிஞ்சினால் நீளமும் உள்துளையும் அளந்தாலே போதும். புத்தகத்தில் முன்சக்கரம், பின்சக்கரம், இடது, வலது என்று பிரித்திருக்கும். இது இல்லாமலும் ஆக்ஸில் நட்டு இறுகிவிடும் என்பதால்தான் பலர் கவனிப்பதில்லை. செயின் கோணலாக ஓடிப் பற்களின் ஒரு பக்கம் தேய்ந்த பிறகே தெரியவரும்.

புத்தகத்திலும் கிடைக்காத ஒன்று மிஞ்சினால் என்ன செய்வது? என்ஜினும் ஃபிரேமும் ஒரே வண்டியில் பிறந்தவையா என்று சந்தேகிக்க வேண்டும். இங்கிலாந்தில் 1946-இல் தொடங்கிய விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பின் வசம் மெரிடனின் பழைய அனுப்புப் பதிவேடுகள் உள்ளன. கட்டணம் செலுத்தினால், அந்த நம்பர் எந்த மாடலாக, எப்போது தொழிற்சாலையை விட்டுப் போனது என்று எழுதித் தருவார்கள். சேவை நல்ல சேவைதான், ஆனால் அது பிறப்புச் சான்று மட்டுமே. அதற்குப் பிறகான அறுபது ஆண்டுகளில் யார் எதை மாற்றினார்கள் என்பது அதில் இருக்காது. புத்தகம் வாங்குவதற்கு முன் கேட்பதுதான் பயன்.

நம்மூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்து, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து உருவான என்ஃபீல்டு இந்தியாவின் கைக்கு வந்த புல்லட்டிலும் பழைய பிரிட்டிஷ் மரைகளும் பிற்கால மெட்ரிக் மரைகளும் கலந்தே இருக்கும். டிரையம்ஃப் புத்தகம் அதற்கு எந்த வகையிலும் உதவாது. கேஜ் அப்படியே உதவும். புதுப்பேட்டையில் பழைய போல்ட் பொறுக்கப் போகிறவர்கள், வெர்னியரை வீட்டில் விட்டாலும் 26 பொறித்த தகட்டை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள்.